சட்டையிற் சாயம் பதிக்கும் முறைகள்

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கியதும் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான ஆயத்தங்கள் ஆரம்பமாகிவிடும். ஒவ்வோர் இல்லமும் தனக்குரிய நிறத்திற் சட்டை எடுத்து, அதில் இல்லத்தின் பெயரையும் சின்னத்தையும் பதிப்பிக்கின்றது. விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றன. இதற்குச் செலவாகும் பணம் பெரும்பாலும் பெற்றோரின் பணமாகும். நாட்கூலிக்குச் செல்லும் தந்தை ஒருவர் தம் பிள்ளைகள் இருவருக்கு இரண்டு சட்டை எடுப்பதாயின், வேறொரு தேவையைச் சுருக்கியே அப்பணத்தைக் கொடுக்கின்றார். போட்டி ஒரு நாளில் முடிந்துவிடும். சட்டையோ அவ்வீட்டில் ஆண்டுக்கணக்கில் அணியப்படும். மூன்றாவது சலவையிலேயே எழுத்து உரிந்து போகுமாயின், நட்டம் அந்தத் தந்தைக்கே. ஆகவே எம்முறையிற் பதிப்பது என்னும் கேள்வி சிறிய கேள்வியன்று.

இம்முறைகள் யாவற்றையும் விளங்கிக்கொள்வதற்கு ஓர் அடிப்படை போதுமானது. சாயம் நூலோடு கலந்து நிற்கின்றதா, அன்றி நூலின் மேல் ஏடாகப் படிந்து நிற்கின்றதா என்பதே அது. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். சோழமண்டலக் கரையிலே துணியிற் கோலம் தீட்டியோர், சிவப்பு வேண்டிய இடத்திற் படிகாரக் கரைசலையும் கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் இட்டனர். படிகாரம் பட்ட துணியைச் சாயவேர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது, அது பட்ட இடத்திலே சிவப்பு நிலைத்தது. ஏனைய இடத்திற் சலவையோடு நீங்கிற்று. இம்பூறல் எனவும் பெயர் பெறும் அச்சாயவேர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சிக்கு அது வருவாய் தரும் பொருளாயிருந்தது. துவைத்தாலும் மங்காத இத்துணிகள் ஐரோப்பியச் சந்தையை நிரப்பியமையால், உள்நாட்டு நெசவைக் காக்க வேண்டிப் பிரான்சு 1686ஆம் ஆண்டிலும் இங்கிலாந்து 1700ஆம் ஆண்டிலும் அவற்றுக்குத் தடை விதித்தன. ஒரு சாயம் சலவையைத் தாங்குவது அத்துணை பெரிய காரியம்.

இன்று சட்டை அச்சிடுவோரிடம் பெரிதும் வழங்குவது திரை அச்சு. இதனையே மக்கள் ‘ஸ்கிரீன்’ அச்சு என்பர். மன்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பார் 1907ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சட்டமொன்றில் மெல்லிய வலைத்துணி இறுகக் கட்டப்படும். ஒளிபட்டால் இறுகும் பசை அவ்வலையிற் பூசப்படும். சின்னத்தைக் கறுப்பாக வரைந்த தாளை அதன்மேல் வைத்து ஒளி பாய்ச்சினால், கறுப்பு மறைத்த இடத்துப் பசை மட்டும் இறுகாது நின்று நீரிற் கழுவுண்டு போகும். பின்னர் வலையைச் சட்டைமேல் வைத்து, மையை இறப்பர்ப் பட்டையால் இழுத்தால், திறந்த கண்கள் வழியே மை கீழிறங்கும். நிறம் ஒவ்வொன்றுக்கும் தனித் திரை வேண்டும்.

திரை அச்சின் செலவுக் கணக்கு இதிலிருந்தே பிறக்கின்றது. ஒரு திரை அமைக்க 2,000 ரூபா ஆகும் என ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோமாயின், மூன்று நிறச் சின்னத்துக்கு 6,000 ரூபா ஆகும். பத்துச் சட்டை மட்டும் அடித்தால் ஒவ்வொரு சட்டையின் தலையிலும் 600 ரூபா விழும்; இருநூறு சட்டை அடித்தால் 30 ரூபாவே விழும். எனவே தொகை பெரிதாகவும் நிறம் குறைவாகவும் இருக்கும்போது இம்முறையை வெல்வது அரிது. மூன்று நிறச் சின்னத்தை ஒரு நிறத்தில் அடக்க இசைந்தால், அதுவே பெருஞ் சிக்கனமாகும்.

திரை அச்சுக்குரிய மை இருவகைப்படும். நீர்மை நூலுக்குள் ஊறும். கைக்குத் தடிப்புத் தெரியாது. பிளாத்திக் மையோ நூலின் மேற் படியும். கடும் நிறத் துணியிலும் பளிச்சென்று தோன்றும். ஆயின் பிளாத்திக் மை காற்றில் உலர்வதன்று. ஏறக்குறைய 160 பாகை செல்சியசு வெப்பத்திற் பதப்பட்டாலே அது இறுகும். அவசரத்தில் அரைகுறையாகச் சூடுகாட்டிய அச்சு அன்றைய பார்வைக்கு அழகாயிருந்து, சில சலவைகளிலே வெடித்து உதிரும்.

இரண்டாவது முறை ‘சப்ளிமேஷன்’ எனப்படுவது. 1950களின் பிற்பகுதியிற் பிரான்சில் உருப்பெற்ற இம்முறையில், சின்னம் முதலிலே தாளில் அச்சாகும். அத்தாளைத் துணிமேல் வைத்து ஏறக்குறைய 200 பாகையில் அழுத்தும்போது, சாயம் திரவமாகாமலே ஆவியாகிப் பொலியெஸ்டர் இழைக்குள் புகுந்துவிடும். இழைக்குள்ளே நிற்பதால் அது உரிவதில்லை. விரலால் தடவினும் துணியையன்றி வேறெதுவும் தட்டுப்படாது. எத்தனை நிறமாயினும் செலவு ஒன்றே. ஆனால் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பருத்தியில் இச்சாயம் நிலைக்காது. ஒளி ஊடுருவும் சாயமாதலாற் கடும் நிறத் துணியிலும் தெரியாது. வெள்ளை அல்லது வெளிர் நிறப் பொலியெஸ்டரே இதற்குரியது.

மூன்றாவதாகக் கணினிவழி முறைகள் வந்துள்ளன. ஒன்றில், தாளில் அச்சிடுவதுபோலவே பொறி நேரே பருத்திச் சட்டையில் மை தெளிக்கின்றது. திரை வேண்டாமையால் ஒரே ஒரு சட்டையையும் அடிக்கலாம்; நிழற்படத்தையும் பதிக்கலாம். மற்றொன்றில், மென்தகட்டில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி, வெப்பத்தால் துணியில் ஒட்டுவர். ‘டீ.டீ.எவ்.’ என்று கடைகளில் வழங்கும் இது, எத்துணியிலும் எந்நிறத்திலும் ஏறும். ஆனால் மேலேடாகவே நிற்கும். ஆட்டக்காரரின் பெயரையும் இலக்கத்தையும் ஆளுக்கொன்றாகப் பதிப்பதற்கு வெட்டியொட்டும் பிளாத்திக் எழுத்து இன்றும் பயன்படுகின்றது.

இவற்றுள் எது சிறந்தது எனக் கேட்பது பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் எனக் கேட்பதே முறை. எத்தனை சட்டை, எவ்வகைத் துணி, எத்தனை நிறம், எவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்டபின்னரே அச்சகத்தின் படியேற வேண்டும். இருநூறு மாணவருக்குப் பருத்திச் சட்டையில் ஒரு நிறச் சின்னமாயின் திரை அச்சுப் பொருந்தும். உதைபந்தாட்டக் குழுவின் பதினைந்து பேருக்கு வெளிர் நிறப் பொலியெஸ்டர் மேற்சட்டையாயின் சப்ளிமேஷன் பொருந்தும். ஓய்வுபெறும் ஆசிரியருக்கு அளிக்கும் ஒரே ஒரு பருத்திச் சட்டையாயின் நேரடித் தெளிப்புப் பொருந்தும்.

இங்கே பலரும் இடறும் ஓரிடமுண்டு. சிவப்புப் பொலியெஸ்டர்ச் சட்டையில் வெள்ளை எழுத்தை அடித்தால், சூடுகாட்டும்போது துணியின் சிவப்புச் சாயமே ஆவியாகி மேலெழுந்து வெள்ளை மையிற் புகும். எடுத்த அன்று வெண்மையாயிருந்த எழுத்துச் சில நாளில் இளஞ்சிவப்பாக மாறும். குறைந்த வெப்பத்திற் பதப்படும் மையும் இடையிலே சாயந் தடுக்கும் பூச்சும் இதற்கு மருந்தாகும். அச்சிடுவோரிடம் இதனை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நலம். மேலும், நெஞ்சை மூடும் பெரிய பிளாத்திக் அச்சு வியர்வையை வெளியே விடாது. பங்குனி வெயிலில் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கு அது சுமையாகும். உள்ளங்கை அளவுச் சின்னம் இடப்பக்கத்தில் இருப்பின் போதும், செலவும் குறையும்.

முழுத் தொகைக்கும் பணம் செலுத்துமுன் மாதிரிச் சட்டையொன்றை அடித்து வாங்குதல் இன்றியமையாதது. அதனை ஈரமான வெள்ளைத் துணியாலே தேய்த்துப் பார்த்தால், சாயம் கழலுமாயின் துணியில் ஒட்டும். அச்சை மெல்ல இழுத்துப் பார்த்தால், பதப்படாத மையாயின் வெடிக்கும். மூன்று முறை துவைத்துக் காயவிட்டாற் குறை யாவும் வெளிப்படும். இதற்கு ஒரு கிழமை செலவாகும். ஆனால் இருநூறு குடும்பங்களின் பணம் காக்கப்படும். போட்டிக்கு முதல் நாள் மாலை ஓடிச்சென்று கட்டளை கொடுப்போருக்கு இந்த ஒரு கிழமை கிடைப்பதில்லை. அச்சிடுவோரின் கைத்திறன் எத்துணை உயர்ந்ததாயினும், காலம் கொடாதவரிடத்தில் அது பயன்படாது.

வீட்டில் ஆற்றவேண்டிய கடமையும் உண்டு. சட்டையை உட்புறம் வெளியாகப் புரட்டித் துவைத்து, நிழலில் உலர்த்தி, அச்சின்மேல் நேரே அழுத்திச் சூடு வைக்காது விட்டால், எம்முறையில் அடித்த எழுத்தும் நெடுநாள் நிற்கும்.

மலிவான விலையைக் கேட்டு மகிழ்வதற்கு முன், அவ்விலையை எத்தனை சலவைகளுக்குப் பங்கிடலாம் எனக் கணக்குப் பார்ப்பதே அறிவுடைமை. பொறுப்பிலுள்ளவர்கள் இக்கணக்கைப் பார்ப்பார்களாயின், பிள்ளை பெருமையோடு அணிந்த சட்டை அடுத்த ஆண்டு தம்பிக்கோ தங்கைக்கோ உதவும் வேளையிலும் அதன் எழுத்து அழியாது நிற்கும்.