அத்தையையும் எழுதுங்கள்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மார்பகப் புற்றுநோய் என்றதும் சுயபரிசோதனை விளக்கத்தைத்தான் பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைத் தாதியர் எங்களைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நாம் இன்று ஆய்வுகூடத்தின் பக்கம் போவோம்.

கண்டியிலோ பேராதனையிலோ அகற்றப்படும் கட்டி நோயியல் பிரிவுக்குப் போகிறது. அங்கே அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமிடுகிறார்கள். புற்றுக்கலங்களில் ஓமோன் வாங்கி உண்டா, ஹெர்-2 புரதம் மிகையாக உண்டா என்று பார்க்கிறார்கள். வாங்கி இருந்தால் தமொக்சிஃபென் போன்ற குளிசை உதவும். ஹெர்-2 மிகையானால் ட்ரஸ்டுசுமாப் ஊசி. இரண்டும் இல்லாவிட்டால் வழி வேறு. பேராதனை நோயியல் துறையினர் நம் நாட்டுப் பெண்களின் கட்டிகளை இவ்வாறு ஆராய்ந்து 2007 இல் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் எழுதினார்கள். "பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மருந்து எனக்கு ஏன் இல்லை?" என்று கிளினிக்கில் எங்களிடம் கேட்பார்கள். விடை அந்தச் சீவலில் இருக்கிறது.

கட்டியின் கதை அது. பிறக்கும்போதே உடம்பில் வரும் மாற்றம் இன்னொரு கதை. நூறு மார்பகப் புற்றுநோயாளரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கே அது காரணம். ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய விடயம். பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 72 சதவீதம் என்று 2017 இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கணித்தது. சூலகப் புற்றுநோயும் கூடவே வரலாம்.

இந்தப் பரம்பரையலகு எப்படி அகப்பட்டது? அமெரிக்காவின் மேரி-கிளேர் கிங் குழுவினர் 23 குடும்பங்களில் 146 நோயாளரைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1990 இல் அது 17 ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதாகக் காட்டினார்கள். உயர்தர உயிரியல் வகுப்பில் அந்த நிறமூர்த்தங்களை நாம் வரைந்து பெயரிட்டது ஞாபகம் வரும். அந்தக் குடும்பங்கள் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று மறைக்காமல் சொல்லியிராவிட்டால் ஆய்வே நடந்திராது.

இங்கே நாங்கள் கேட்டால், "எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர்" என்பார்கள். கூட வந்த மகள் நிலத்தைப் பார்ப்பாள். அவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்பது எங்களுக்கும் விளங்கும். அடுத்து, அப்பா பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. இந்த மாற்றம் தந்தையிடமிருந்தும் சரிபாதி வாய்ப்புடன் வரும். மாமியின் சூலகப் புற்றுநோய் "வயிற்றில் கட்டி" என்ற பெயரில் மறைந்து போகிறது.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கைப் பெண்களிடம் அதற்குமுன் எங்கும் பதிவாகாத மாற்றங்களைக் கண்டார்கள். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பியருடையது. அதனால் நம்மவரின் அறிக்கைகளில் "பொருள் தெளிவில்லாத மாற்றம்" என்ற வரி அடிக்கடி வரும். அந்த வரியைப் பார்த்துப் பயந்து மார்பை அகற்றச் சொல்லக் கூடாது.

இனி வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு. லண்டனிலும் டொரொண்டோவிலும் தகுதியானோருக்கு இப்பரிசோதனை அரச செலவில் நடக்கிறது. இங்கே முழுப் பரிசோதனை பல குடும்பங்களுக்கு எட்டாத செலவு. ஆனால் உங்கள் மாற்றம் எது என்று தெரிந்தால், கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் தங்கைக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். அவளிடம் அது இல்லையென்றால் அந்தக் கவலை அத்துடன் தீர்ந்தது. இருந்தால் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு, வேண்டிய வயதில் சூலகம் அகற்றல் என்று வழிகள் உண்டு.

ஆகவே, வட்ஸ்அப்பில் "பொசிட்டிவ்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பரம்பரையலகு, எந்த மாற்றம் என்று எழுத்தும் எண்ணுமாக அச்சாகியிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தங்கை அதைக் கிளினிக்குக்குக் கொண்டுவரட்டும்.