பல்லுக்கு முன்னே எலும்பு
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பல் விஷயத்தில் போதகருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வரும்வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

அந்த அம்மாவுக்குக் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி எட்டு வருடங்கள். பல்செட் ஆடிக்கொண்டே இருந்தது. சோற்றைக் குழைத்து விழுங்குவார்கள். பேரப்பிள்ளைகள் முறுக்குத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள வந்தார்கள். படம் எடுத்துப் பார்த்த பல் வைத்தியர், "திருகு நிற்க எலும்பு போதாதே அம்மா" என்று சொல்லிவிட்டார்.

பல் இருக்கும்வரை, மெல்லும் அழுத்தம் தாடை எலும்புக்கு வேலை கொடுக்கிறது. பல் போனபின் அந்த இடத்து எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டிலேதான் இழப்பு அதிகம். சுவீடன் நாட்டு டாக்டர் பிரோனெமார்க் 1952இல் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை, எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதருடைய தாடையில் அதைப் பொருத்தினார். அப்படி ஒன்றிப்போக முதலில் எலும்பு இருக்கவேண்டும் அல்லவா? இல்லாத இடத்தில் எலும்பு வைத்து, பொதுவாக நாலு முதல் ஆறு மாதம் காத்திருந்து, பிறகே திருகு வைப்பார்கள். காத்திருப்பது தாம்பரத்துக்குப் புதிதல்ல. டாக்டர் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியத்தில் எத்தனையோ பேர் மாதக்கணக்கில் படுத்திருந்தார்கள்.

ஆசிரியை அம்மா கேட்டது ஒரே கேள்வி: "வைக்கிற எலும்பு யாருடையது, ஐயா?"

அந்தக் கேள்வி எங்களைச் சுட்டது. காரணம், அதற்கு முன் இன்னொரு பெரியவருக்கு எங்கள் மருத்துவமனையிலேயே இந்தச் சிகிச்சை நடந்திருந்தது. வாழ்நாளெல்லாம் மாமிசம் தொடாதவர். வைத்தது மாட்டு எலும்பிலிருந்து செய்த பொடி என்பது, மாதங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது பேச்சுவாக்கில் அவருக்குத் தெரிந்தது. கையெழுத்திட்ட படிவத்தில் இருந்தது. ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். அவர் சத்தம் போடவில்லை. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். எங்களிடம் பதில் இல்லை. எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அதற்குள் அந்தப் பொடி அவருடைய எலும்போடு கலந்திருந்தது.

ஆகவே ஆசிரியை அம்மாவுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அவரவர் எலும்பையே முகவாயிலிருந்தோ, தாடையின் பின்புறத்திலிருந்தோ, நிறைய வேண்டுமானால் இடுப்பிலிருந்தோ எடுக்கலாம்; இன்னொரு காயம் உண்டு. இறந்தவர் தானமாகக் கொடுத்த எலும்பு உண்டு. உயிர்ச்சத்தெல்லாம் நீக்கி, தாது மட்டும் மிஞ்சிய மாட்டு எலும்பு உலகெங்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. மருத்துவத்தில் அதற்குக் குறை சொல்வதற்கில்லை. விலங்கே சம்பந்தப்படாத செயற்கைக் கால்சியப் பொருளும் உண்டு. மேலே மூடும் மெல்லிய சவ்வு சிலவேளை பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறது. பல்லாவரம், குரோம்பேட்டையிலிருந்து வரும் இஸ்லாமியச் சகோதரர்களுக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். எது பொருந்தும் என்பதை வைத்தியர் சொல்லட்டும். எது வேண்டாம் என்பதை நோயாளி சொல்லட்டும்.

அந்த அம்மா தன் எலும்பே போதும் என்றார்கள். தாடையின் பின்புறத்திலிருந்து எடுத்து வைத்தார்கள். கன்னம் ஒரு வாரம் வீங்கியிருந்தது. கீழுதடு சில வாரங்கள் மரத்துப்போயிருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் புண் நன்றாக ஆறியது.

"இத்தனை செலவு பல்லுக்கா?" என்று உங்களில் ஒரு சகோதரர் எழுதிக் கேட்டார். நியாயமான கேள்வி. பலருக்கு நன்றாகச் செய்த பல்செட்டே போதும். அதை வைத்தியர்களே முதலில் சொல்கிறார்கள். கட்டணம் குறைவாக வேண்டுவோரை, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். தாம்பரத்திலிருந்து ஒரே மின்சார ரயில்தான். விபத்திலோ கட்டியிலோ தாடையை இழந்தவர்களுக்கு மாத்திரம் உங்கள் காணிக்கையிலிருந்து உதவுகிறோம். ஆசிரியை அம்மா தம் ஓய்வூதியத்திலிருந்தே கட்டினார்கள்.

இப்பொழுது எங்கள் படிவம் தமிழில் இருக்கிறது. எலும்பு எதிலிருந்து வருகிறது என்பது முதல் வரியிலே, பெரிய எழுத்தில். அதை வாசித்துக் காட்டுவது எங்கள் வேலை. அந்தப் பெரியவரைப் பெருங்களத்தூரில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து, புதிய படிவத்தைக் காட்டினோம். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். இரண்டாம் வரியில் ஓர் எழுத்துப்பிழை இருந்ததைத் திருத்திக் கொடுத்தார்.