பழகுநரா, எடுபிடியா?



ஏற்காடு ஒன்றியத்து வெள்ளக்கடையிலிருந்து பிழைப்புத் தேடிச் சேலத்துக்கு இறங்கும் இளைஞனைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். காப்பித் தோட்டக் கூலியிலே வளர்ந்தவன். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியவன். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவன் நாடிச் செல்வது பற்றவைப்புத் தொழிலை. பட்டறை மொழியிலே வெல்டிங்! (இளைஞன் என்கிறேன்; இளம்பெண்ணுக்கும் அந்தக் கதவு அடைபட்டதில்லை.)

மலையடியில் அந்தத் தொழிலுக்கு இடமில்லாமற் போகவில்லை. சேலத்துக்கு உருக்காலை வேண்டுமென்று 1967 ஜூலை 23-ஆம் நாளை எழுச்சி நாளாக அறிவித்தார் அறிஞர் அண்ணா. 1970-ல் அடிக்கல் விழுந்தது. 1981-ல் துருவேறா எஃகுத் தகடு உருளத் தொடங்கிற்று. மேட்டூரிலே அனல்மின் நிலையம். திருச்சியிலே கொதிகலன் ஆலை. அங்கேயே 1975 முதல் பற்றவைப்பு ஆராய்ச்சிக் கழகம். ஏற்காட்டு மலையின் பாக்சைட் மண்ணும் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியதுண்டு; 2008-ல் அந்த உலை அவிந்தது. மண் இறங்கிய வேகத்தில் மலைமகன் தொழில் கற்று ஏறினானா என்று கேட்கிறேன்!

அவன் முன்னே இரு வாயில்கள். ஒன்று சாலையோரப் பட்டறை. முதலாண்டு தேநீர் வாங்கி வருவான், இரும்பு தூக்குவான், கசடு தட்டுவான். மூன்றாம் ஆண்டில் கேட்டும் கிரில்லும் செய்வான். கையிலே வித்தை இருக்கும், பையிலே சான்றிதழ் இராது. கொதிகலன் குழாயைத் தொடப் போனால், 1950-ஆம் ஆண்டின் கொதிகலன் விதிகள் தேர்ச்சி எங்கே என்று கேட்கும். பட்டறைக்காரரைப் பழிக்கவில்லை, அவரும் அப்படிக் கற்றவரே.

மற்றொன்று, அரசு ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பயிற்சி. அதன்பின் 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டப்படி ஆலையிலே பயிற்சி. பழங்குடியினருக்குப் பழகுநர் இடங்களில் ஒதுக்கீடு உண்டு என்கிறது அச்சட்டத்தின் 3-ஏ பிரிவு. 30 பேருக்குக் குறையாத நிறுவனம், தன் ஆட்களில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரை எடுத்தாக வேண்டும் என்றது 2019-ஆம் ஆண்டுத் திருத்தம். ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவனுக்கு மாதம் 7,000 ரூபாயேனும் உதவித்தொகை தரவேண்டும் என்றும் அன்று வரையறுத்தார்கள்.

தொழில் எளிதன்று. ராடின் முனைக்கும் இரும்புக்கும் இடையே எழும் நெருப்பு வில்லின் வெப்பம் 6,000 பாகை அளவு. கை சற்றே உயர்ந்தால் வில் அறும். சற்றே தாழ்ந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். அந்த மயிரிழை இடைவெளியைக் கை அறியவே மாதங்கள் ஆகும். பிறகு தட்டை, கிடை, செங்குத்து, தலைக்கு மேல் என நிலைகள் மாறும். 45 பாகை சாய்ந்து அசையாது நிற்கும் குழாயைச் சுற்றிவந்து பற்றவைப்பதே கடுந்தேர்வு. கறுப்புக் கண்ணாடியின்றி அந்த ஒளியைக் கண்டவனுக்கு இரவிலே கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். புகையோ அதனினும் கொடிது! அதைப் புற்றுநோய் விளைப்பது என்றே 2017-ல் வகைப்படுத்தியது உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை.

இத்தனையும் செய்பவன் தொழிலாளியா? அல்லன் என்கிறது சட்டத்தின் 18-ஆம் பிரிவு! அவன் பயிற்சி பெறுபவனாம். தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாவாம். பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கடமை முதலாளிக்கு இல்லை என்று முன்பு எழுதியிருந்தார்கள்; 2014-ல் திருத்தி, வேலை தருவது பற்றி அவரவர் கொள்கை வகுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். இரண்டுக்கும் என்ன வேற்றுமை? ஏட்டில் மை மாறிற்று; பழகுநன் வாயிலுக்கு வெளியேதான் நிற்கிறான். மலிவான கை வேண்டுமென்று ஆண்டுதோறும் புதியவனை எடுத்துப் பழையவனை அனுப்பும் ஆலைக்கு இச்சட்டம் வேலியாகவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஆயினும் அவன் வெறுங்கையன் அல்லன். உடல்நலப் பாதுகாப்பு விதிகள் அவனுக்கும் உண்டு; கறுப்புக் கண்ணாடியும் தோல் கையுறையும் கேட்பது கெஞ்சலன்று. பயிற்சியிலே காயமுற்றால் ஈடு தரவேண்டியவர் முதலாளி. மற்றத் தகுதிகள் ஒத்திருக்குமாயின் நேரே வருபவனைவிடப் பழகுநனுக்கு முதலிடம் தருக என்று, உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எனவே, உங்கள் ஊர்ப் பிள்ளை பயிற்சிக்குச் சேர்ந்தான் என்று மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தம் பதிவாயிற்றா, அதில் வெல்டர் என்றிருக்கிறதா, வெறும் உதவியாள் என்றிருக்கிறதா, இறுதித் தேர்வுக்கு அவன் பெயர் போயிற்றா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தின் படியொன்று அவன் வீட்டிலே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்தும் அவன் தேநீர்தான் வாங்கிக்கொண்டிருக்கிறான் என்றால், அந்தப் படியை எடுத்துக்கொண்டு பழகுநர் ஆலோசகர் அலுவலகத்துக்கு அவனோடு நீங்களும் போங்கள்.