பலர் தோளில் ஒருவர் பாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும், ஆண்டுக்கு ஒருமுறைதான் இத்தனை குடும்பங்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுதல் நலம்.

நாம் வந்து குடியேறிய இக்கான்பூர் நகருக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. தொழிலாளருக்கு நோய்க் காலத்தில் துணை வேண்டும் என்று பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். 1948இல் சட்டம் பிறந்தது. 1952ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், ஈ.எஸ்.ஐ. என நாம் வழங்கும் அத்திட்டத்தைப் பிரதமர் நேரு அவர்கள் இந்நகரின் பிரிஜேந்திர ஸ்வரூப் பூங்காவிலேதான் தொடங்கி வைத்தார். தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து பணம் செலுத்த, நோயுற்றவர் குடும்பத்தோடு சிகிச்சை பெறும் ஏற்பாடு அது. 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயாகவும், முதலாளியின் பங்கு மூன்றே கால் ரூபாயாகவும் குறைக்கப்பட்டன.

இத்திட்டத்துக்கு ஊதிய வரம்பு உண்டு. அது 2017இல் மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரம்பைக் கடந்தவர்களுக்காகப் பல கம்பெனிகள் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிடம் குழு மருத்துவக் காப்பீடு எடுக்கின்றன. இரயில்வே ஊழியர்களாகிய நமக்கு இரயில்வே ஆஸ்பத்திரியின் நிழல் இருக்கிறது. தனியார் கம்பெனியில் சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட நம் பிள்ளைகளுக்கு அந்நிழல் எட்டாது. அவர்களுக்கு உரிய குடை இக்குழுக் காப்பீடே.

நம் காலனியில் சீட்டுக் கட்டாத வீடு இல்லை. சீட்டில் இருபது பேர் பணம் போட்டால், இருபது பேரும் முறைவைத்து எடுக்கின்றனர். காப்பீடும் பலர் பணம் சேரும் ஒரு பொதுப் பானைதான். ஆனால், நோயுற்றவர் மட்டுமே அதிலிருந்து எடுக்கின்றார். எடுக்காதவர் ஏமாந்தவர் அல்லர். நோயின்றி ஆண்டைக் கழித்த பாக்கியசாலி.

தனி ஒருவர் காப்பீடு வாங்கச் சென்றால், ‘உமக்கு நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா?’ என்று விசாரிக்கின்றனர். முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் விதிக்கின்றனர். 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அது மூன்றாண்டு வரை இருக்கலாம். குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் இவ்விசாரணை இல்லை. காரணம் எளியது. நோய் வரும் என அஞ்சுவோரே தனியாகத் தேடி வருவர்; குழுவிலோ இளையோரும் முதியோரும், வலியோரும் மெலியோரும், வேலையில் சேர்ந்த ஒரே காரணத்தால் ஒன்றாக வருகின்றனர். பாரம் பலர் தோளில் பரவுவதால் கட்டணமும் குறைகிறது. பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு, மகப்பேற்றுச் செலவு, பெற்றோரையும் சேர்க்கும் வசதி ஆகியவை பல கம்பெனிகளில் கிடைக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் என்ன? சென்ற ஆண்டு நம் சங்கக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை, அவர்கள் இசைவோடு கூறுகின்றோம். பிள்ளைக்குப் புதிதாக வேலை கிடைத்தது. படிவத்தில் பெற்றோர் பெயருக்கு ஓரிடம் இருந்தது. எழுதியிருந்தால் சம்பளத்தில் சிறு தொகை பிடித்திருப்பார்கள். ‘அம்மா ஊரில் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிட்டார். எட்டாம் மாதம் அம்மையார் இங்கு வந்தார். முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அடுத்த புதுப்பிப்பு வரையில் பெயர் சேர்க்க இயலாது என்று ஆபீசில் கூறிவிட்டனர். அம்மையார் இப்போது கோலூன்றி நடக்கின்றார். அடகுக்குப் போன அவருடைய வளையல்கள் இன்னும் வீடு திரும்பவில்லை.

அப்பிள்ளையை நாம் குறை கூற மாட்டோம். படிவம் நிரப்புவதையே பிழைப்பாகக் கொண்ட குமாஸ்தாக்கள் நம்முள் எத்தனை பேர்! வேலை கிடைத்த செய்தி கேட்டு இனிப்பு உண்டோமே, ‘தம்பி, அந்தப் படிவத்தைக் காட்டு’ என்று ஒருவராவது கேட்டோமா?

குழுக் காப்பீட்டின் குறைகளையும் மறைக்கலாகாது. வேலை போனால் அதுவும் போகும். ஆதலின், வேலையை விடுமுன்பே, அதே நிறுவனத்தின் தனிக் காப்பீட்டுக்கு மாறும் வழியைக் கேட்டறிதல் வேண்டும். காத்திருந்த காலம் அங்கே கணக்கில் சேரும். அறை வாடகைக்கு வரம்பு இருந்தால், அதனினும் உயர்ந்த அறையில் தங்குவோருக்கு வாடகை வேறுபாடு மட்டுமன்றிப் பிற செலவிலும் ஒரு பகுதி வெட்டப்படலாம். காப்பீட்டுத் தொகை பெரும்பாலும் குடும்பம் முழுமைக்கும் பொது. ஒருவர் சிகிச்சையிலேயே அது தீர்ந்துவிடக்கூடும்.

எனவே, அன்பர்களே, ஒரு சிறு வேண்டுகோள். மாதத்தின் முதல் ஞாயிறன்று மாலை நம் சங்க நூலகத்தில் நாங்கள் இருவர் மூவர் அமர்ந்திருப்போம். பிள்ளைகள் தங்கள் கம்பெனிக் காகிதங்களைக் கொண்டு வரட்டும், சேர்ந்து படிப்போம். புதிதாக மணமுடித்தவர், குழந்தை பெற்றவர், பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வருபவர் தவறாமல் வருக. பெயரைச் சேர்க்கக் கெடு உண்டு. அது சில வாரங்களில் முடிந்துவிடும்.

ஊரை விட்டு வெகுதூரம் வந்த நமக்கு, ஒருவர் பாரத்தைப் பலர் தாங்குவது புதிய பாடமன்று. இச்சங்கமே அதற்காகத்தான் இருக்கிறது. அந்த வளையல்கள் போல் இனி ஒரு வீட்டு நகையும் அடகுக் கடைக்குப் போகாதிருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!