கருவியும் கைப்பழக்கமே



வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படும் மகளின் கைப்பையில் ஒரு பெப்பர் ஸ்பிரேயைப் போட்டுவிட்டால் நம் கவலை பாதி தீர்ந்துவிடுகிறது. அப்படித் தீரக் கூடாது என்று சொல்லவே இங்கு நிற்கிறேன். மிளகாயின் காரச்சத்தைப் பீய்ச்சும் அந்தக் குப்பி சில மீட்டர் தூரத்துக்குத்தான் பயன்படும். எதிர்காற்று அடித்தால் தெளித்தவர் கண்ணுக்கே காரம் திரும்பும். மூடிய காருக்குள் தெளித்தவர், தாக்குபவர் இருவருக்குமே மூச்சு முட்டும். நாள்பட்டால் அழுத்தம் குறைந்து சரியாகப் பீய்ச்சாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெஞ்சு படபடக்கும் நேரத்தில் விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. பையிலிருந்து எடுத்து, பூட்டை நகர்த்தி, முகத்துக்குக் குறிவைத்து, அழுத்தியதும் விலகி ஓடுவதைக் காரமில்லாத பயிற்சிக் குப்பியால் பலமுறை பழகியவருக்கே அப்போது கை உதவும்.

பழகினால் பலன் உண்டா? கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவியர் 893 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு ஆபத்தை முன்னுணர்தல், உரத்து மறுத்தல், உடலால் எதிர்த்தல் ஆகியவற்றில் 12 மணி நேரப் பயிற்சி. மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரங்கள். ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானோர் பயிற்சி பெற்ற பிரிவில் 5.2 சதவீதம், மற்றதில் 9.8 சதவீதம். கருவி கொடுத்ததால் வந்த வேறுபாடு அல்ல இது, பழக்கியதால் வந்தது.

"தப்பு செய்பவனை விட்டுவிட்டுப் பெண்ணைப் பழகச் சொல்வதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழி முழுவதும் குற்றவாளிக்கே. பயிற்சி பெறாத பெண்மீது அதில் ஒரு துளியும் விழக் கூடாது. தெருவிளக்கும் ரோந்தும் விரைந்த தீர்ப்பும் அரசின் கடமை, அவற்றைக் கேட்டுப் போராடுவோம். ஆனால் காவலர் வந்து சேரும்வரை உள்ள நிமிடங்களை அந்தப் பெண் தனியாகவே கடக்க வேண்டியிருக்கிறது. "பயிற்சி வன்முறையை வளர்க்காதா?" என்பது அடுத்த கேள்வி. நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்ய இடம் தரவில்லை. பழகாதவர் பதற்றத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். எங்கே நிறுத்துவது என்பதும் பயிற்சியில் கற்க வேண்டிய பாடம்தான்.

ஆகவே, குப்பி வழங்கும் கல்லூரிகளையும் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அதோடு ஒவ்வொரு பருவத்திலும் 12 மணி நேரம் ஒதுக்குங்கள். உடலைப் பழக்கச் சிலம்ப ஆசான்கள் இருக்கிறார்கள், சட்டம் சொல்ல வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கூடத்தையும் நேரத்தையும் நீங்கள் கொடுங்கள்.