நாள் தள்ளிப் போனால்

(ஒரு கிராமக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனால் அது கர்ப்பமா, அல்லவா என்று அறிவது எப்படி என்பதுதான் இன்று நாம் பேச வந்திருக்கும் விஷயம். "இதையெல்லாமா மேடையில் பேசுவது?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மேடையில் பேச வெட்கப்படும் நாம், வீட்டில் இதை எவ்வளவு பகிரங்கமாக வைத்திருக்கின்றோம் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் 'தூரம்' என்று ஒதுங்கி உட்கார்ந்தால் தெருவுக்கே தெரிகின்றது. கர்ப்பம் என்பதற்கே 'முழுகாமல் இருக்கிறாள்' என்று பேர் வைத்து, அவள் தலை முழுகாத கணக்கை ஊரே வைத்திருக்கின்றது. தீட்டுக்கு இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் நாம், அவளுடைய உயிருக்கும் மானத்துக்கும் வேண்டிய கணக்கை மாத்திரம் தெரிந்துகொள்ளவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லுகின்றோம். ஜூன் 15-ந் தேதி கல்யாணம். அம்மாதக் கடைசியில் வரவேண்டிய விலக்கு வரவில்லை. குறி கேட்டார்கள், பூக்கட்டிப் பார்த்தார்கள். ஜூலை 20-ந் தேதிதான் வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். அவர் 'ஏழு வாரக் கர்ப்பம்' என்று எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் விரல் விட்டு எண்ணினார்கள். கல்யாணமாகி ஐந்தே வாரம்! "மற்ற இரண்டு வாரத்துக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டு, அன்று மாலையே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தோழர்களே! அந்த இரண்டு வாரத்தின் இரகசியம் என்ன? கரு உண்டான நாள் இன்னதென்று நிச்சயமாகத் தெரிவதில்லை. கடைசியாக விலக்கான முதல் நாள்தான் தெரியும். ஆகவே வைத்தியர்கள் அந்நாளிலிருந்தே 280 நாள், அதாவது 40 வாரம் என்று எண்ணுகின்றார்கள். ஸ்கேன் பார்த்துச் சொல்லும் வாரமும் இம்முறைப்படிதான். 28 நாளுக்கொரு முறை விலக்காகும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 14-ம் நாள். ஆகவே முதல் இரண்டு வாரம் கணக்கில் உண்டு. வயிற்றில் கரு கிடையாது! அப்பெண் கடைசியாக விலக்கானது ஜூன் 1-ந் தேதி. அதிலிருந்து ஜூலை 20 வரை 49 நாள், ஏழு வாரம். கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

இதிலுள்ள வேடிக்கையைக் கேளுங்கள். முகூர்த்தம் வைக்கும்போது, மணவறையில் தீட்டு வந்துவிடக்கூடாதே என்று பெண்ணின் விலக்கு நாளை விசாரித்து, இரண்டு வாரம் தள்ளித் தேதி வைத்தவர்கள் அதே பெரியவர்கள்தான்! தீட்டுக்காக ஞாபகமிருந்த தேதி, பழி சுமத்தும்போது மறந்துபோயிற்று. கடைசியில் ஒரு கிராமச் செவிலியர் காகிதத்தில் எழுதிக் காட்டிய பிறகு, மூன்று மாதம் கழித்து அழைத்துப் போனார்கள். ஆனால் அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டவர் அவ்வீட்டில் ஒருவருமில்லை.

சரி, நாள் தள்ளிப் போனால் செய்ய வேண்டியது என்ன? மார்பு நோவு, குமட்டல், களைப்பு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவை கர்ப்பத்தின் அறிகுறிகள்தான். ஆனால் இவற்றில் சில விலக்குக்கு முன்பும் வரும். இவற்றை மட்டும் நம்பக்கூடாது. கரு கருப்பையில் பதிந்ததும் எச்.சி.ஜி. என்ற பொருள் உண்டாகிச் சிறுநீரில் கலக்கின்றது. 1920-களின் இறுதியில் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரு வைத்தியர்கள் சுண்டெலிக்குச் சிறுநீரை ஊசி போட்டு, நாட்கணக்கில் காத்திருந்து இதைக் கண்டறிந்தார்கள். இன்று மருந்துக்கடையில் விற்கும் ஒரு சிறு அட்டை சில நிமிஷத்தில் சொல்லிவிடுகின்றது. விலக்கு வரவேண்டிய நாள் தாண்டியபின், காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் சில சொட்டு விட்டு, அட்டையோடு உள்ள குறிப்பில் சொன்ன நேரத்தில் பார்க்க வேண்டும். இரண்டு கோடு தெரிந்தால் கர்ப்பம். ஒரே கோடு தெரிந்து, விலக்கும் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்ப்பார்கள்.

நாள் தள்ளுவதெல்லாம் கர்ப்பமுமல்ல. தைராய்டு கோளாறு, மனக்கவலை, உடல் மெலிவு, வயது இவற்றாலும் தள்ளும். பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று நம்பி இருப்பதும் தவறு. முதல் விலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடக்கூடும்.

ஒன்றை மாத்திரம் மறவாதீர்கள். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, கொஞ்சம் உதிரப்போக்கு, தலைசுற்றல், தோள்பட்டை வலி இவை கண்டால், கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. "தூரமாகிவிட்டாள், ஒதுங்கி இருக்கட்டும்" என்று விட்டுவிடாமல் உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சீக்கிரம் அறிவதால் லாபம் என்ன? குழந்தையின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஆதாரமான குழல் இக்கணக்கின் ஆறாவது வாரத்துக்குள் மூடிக்கொள்ளுகின்றது. ஃபோலிக் அமில மாத்திரை மிகவும் வேண்டிய காலம் அதுதான். குறி கேட்டுக் கழித்த மூன்று வாரத்தில் அந்தக் காலமே கடந்துபோயிற்று! கர்ப்பம் வேண்டாமென்றாலும் எள்ளையும் பப்பாளியையும் நம்பி நாளைக் கடத்த வேண்டியதில்லை. 1971-ம் வருஷத்துச் சட்டப்படி, அதில் சொன்ன காரணங்களுக்காகத் தகுதியுள்ள வைத்தியரிடம் கலைத்துக்கொள்ளலாம். வயது வந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே போதும். புருஷன் கையெழுத்து வேண்டுமென்று சட்டம் சொல்லவில்லை.

ஆகவே தாய்மார்களே! விலக்கான முதல் நாளை நாள்காட்டியில் உங்கள் கையாலேயே குறித்து வையுங்கள். அது தீட்டுக் கணக்கல்ல. உங்கள் உடம்பின் கணக்கு. ஆண் தோழர்களே! வாரக் கணக்கில் சந்தேகம் வந்தால் பெண்ணைக் கேள்வி கேட்பதற்கு முன் காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்குக் கூட்டல் தெரியாத குற்றத்துக்கு அவள் தண்டனை அனுபவிப்பது நியாயமாகுமா என்று கேட்டு, இதோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.