ஒரு வீட்டுக் குரல் போதாது



2007 ஏப்ரல் 28இல் நம் ஈஜோக்கில் இடைத்தேர்தல் நடந்தது. அந்த மாதம் சாலைக்குத் தார் வந்தது, அமைச்சர்கள் வாசலுக்கே வந்தார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் கார்கள் போய்விட்டன. வந்து போகிறவர்களை நம்பியா நாம் வாழ்வது?

நமக்கு வடக்கே பாருங்கள். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என ஐந்து தோட்டங்கள். தனித்தனியே கேட்டிருந்தால் ஐந்து மனுக்களும் அலமாரியில் தூங்கியிருக்கும். அவர்கள் ஒரே கூட்டாக நின்றார்கள். மலேசிய சோசலிசக் கட்சியினர் துணை நின்றார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். அந்த 245 குடும்பங்களின் வீடுகளுக்கு 2023இல் கூட்டரசு அரசாங்கம் நிதி அறிவித்தது.

1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும், மாதம் 10 வெள்ளி கட்டிய பாட்டாளிகளின் காசில்தான் தோட்டங்களை வாங்கியது.

நாம் என்ன செய்யலாம்?

வரிசைக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பெயர்ப் பட்டியல், அடையாள கார்டு நகல், சம்பளச் சீட்டு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பிரச்சினை இல்லாத மாதத்திலும் கோயில் மண்டபத்தில் கூடுங்கள். கணக்கை எல்லார் முன்னும் படியுங்கள். கணக்கு மறைந்தால் கூட்டம் உடையும்.

எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பேசுங்கள். வாக்குறுதியை எழுத்தில் வாங்குங்கள். நகலைக் கொடுங்கள், கோப்பு மட்டும் நம் கையில் இருக்கட்டும்.